கார் எஞ்சினைப் படகில் பூட்டலாமா? மோல்மீனிலிருந்து வந்த கேள்விக்கு ஒரு விரிவான பதில்

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களும் புரிந்துகொள்ளும்படி முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் 36 அடி நீளமுள்ள மரப்படகு ஒன்று இருக்கிறது. சரக்கும் ஆட்களும் ஏறினால் மொத்த எடை சுமார் 6 டன். பர்மாவின் மோல்மீனிலிருந்து அத்தரான் ஆற்றின் மேல்பக்கத்துக் கிராமங்களுக்கும், கோடையில் தான்ல்வின் முகத்துவாரம் வரைக்கும் போய் வருகிறீர்கள். அதிலிருந்த 22 குதிரைத்திறன் சீன டீசல் எஞ்சினின் பிளாக்கில் விரிசல் விட்டுவிட்டது. விபத்தில் நொறுங்கிய ஒரு டொயோட்டா புரோபாக்ஸ் டாக்சியின் பெட்ரோல் எஞ்சின், கியர்பெட்டியோடு, மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. இருபத்திரண்டு இருந்த இடத்தில் நூற்றுக்கு மேல் வந்தால் படகு பறக்கும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். வாங்கிப் பூட்டலாமா என்று கேட்கிறீர்கள்.

வாங்க வேண்டாம் என்பதே என் பதில். ஆனால் கார் எஞ்சின் என்றாலே படகுக்கு ஆகாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். படகின் உள்ளே பூட்டும் எஞ்சின்களில் பல, தரையில் ஓடுவதற்காகச் செய்த எஞ்சினை மாற்றி அமைத்தவைதான். வோல்வோ பென்டா தன் பழைய பெட்ரோல் படகு எஞ்சின்களை வோல்வோ காரின் பி18, பி20 எஞ்சின்களிலிருந்தே செய்தது. அமெரிக்க விசைப்படகுகளில் பல்லாண்டுகள் ஓடிய மெர்குரூஸர் எஞ்சின்களின் அடிப்படை ஜெனரல் மோட்டார்ஸ் கார்களின் 5.7 லிட்டர் வி8. லேமன் என்ற பெயரில் விற்ற டீசல்கள் ஃபோர்டு லாரி, டிராக்டர் எஞ்சின்களின் வழிவந்தவை. அந்தக் கம்பெனிகள் பிளாக்கையும் கிராங்க்கையும் அப்படியே வைத்துக்கொண்டு, குளிரூட்டும் வழி, புகைபோக்கி, எரிபொருள் வழி, மின்சாதனங்கள், கியர்பெட்டி ஆகிய எல்லாவற்றையும் மாற்றினார்கள். பழைய கார் எஞ்சினுக்குக் கேட்கும் மலிவு விலை அந்தப் பிளாக்குக்கு மட்டும்தான். மாற்ற வேண்டிய மற்றவற்றின் விலை உங்கள் கணக்கில் இன்னும் ஏறவில்லை.

முதலில் அந்தக் குதிரைத்திறன் ஆசையைப் பார்ப்போம். உங்கள் படகைப் போல் தண்ணீரை ஒதுக்கிக்கொண்டு போகும் படகுக்கு ஒரு வேக எல்லை உண்டு. நீர்மட்டத்தில் படகின் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் அந்த எல்லை நாட் (மணிக்கு ஒரு கடல்மைல்) கணக்கில் கிடைக்கும். 36 அடிக்கு வர்க்கமூலம் 6. ஆகவே எல்லை ஏறத்தாழ 8 நாட். அதை நெருங்கும்போது படகு தானே எழுப்பிய அலையின் முதுகில் ஏறத் தொடங்கும். அதற்கு மேல் கொடுக்கும் திறன் அலையைப் பெரிதாக்கவும் படகின் பின்புறத்தை அமுக்கவும்தான் போகும். 6 டன் எடைக்கு 25, 30 குதிரைத்திறன் இருந்தால் அந்த எல்லைக்குப் பக்கத்தில் போய்விடலாம். மழைக்காலத்துத் தான்ல்வின் நீரோட்டத்துக்கும் வற்றத்துக்கும் எதிரே ஏறுவதற்காக இன்னும் 10 சேர்த்து, 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு வந்தாலும் உங்கள் படகு பறக்காது. பின்பக்கம் தாழ்ந்து, கரையோரச் சம்பான் தோணிகளை ஆட்டிவைக்கும்.

இனி, அந்த நூற்றுச் சொச்சம் எங்கே கிடைக்கிறது என்று பாருங்கள். புரோபாக்ஸில் இருக்கும் 1.5 லிட்டர் 1என்இசட் எஞ்சின் அந்தத் திறனை நிமிடத்துக்கு 6000 சுற்றில் கொடுக்கிறது. காரில் யாரும் அதைத் தொடர்ந்து கேட்பதில்லை. சமதரையில் ஓடும் கார் 20, 25 குதிரைத்திறனோடு திருப்தியாகப் போகும். மேட்டில் ஒரு நிமிடம் உழைத்தால் இறக்கத்தில் ஓய்வு கிடைக்கும். படகுக்கு இறக்கமே கிடையாது. துறையை விட்டதிலிருந்து அடுத்த துறை வரைக்கும் ஒரே மேட்டில் ஏறிக்கொண்டிருக்கும் வண்டியைப் போலத்தான் அதன் எஞ்சின் மணிக்கணக்கில் சுமை தாங்குகிறது. அந்தப் பெட்ரோல் எஞ்சினிடம் 40 குதிரைத்திறனைத் தொடர்ந்து வாங்க வேண்டுமானால் 3000 சுற்றுக்கு அருகே திராட்டிலைப் பெரும்பாலும் திறந்தே வைத்திருக்க வேண்டும். கார் எஞ்சின் அதைச் சில காலம் செய்யும். பிறகு வால்வும் ஹெட் கேஸ்கட்டும் பதில் சொல்லத் தொடங்கும். எரிபொருள் செலவும் குறையாது: 30 குதிரைத்திறனுக்கு டீசல் மணிக்கு ஏழரை லிட்டர் குடித்தால், பெட்ரோல் பத்து லிட்டர் குடிக்கும்.

இவையெல்லாம் காசு சம்பந்தப்பட்டவை. நான் வேண்டாம் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் பெட்ரோல் ஆவி. அது காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. காரில் ஒரு குழாய் கசிந்தால் ஆவி கீழே இறங்கிக் காற்றோடு போய்விடும், ஏனென்றால் காருக்கு அடிப்பக்கம் திறந்திருக்கிறது. படகுக்கு அடிப்பக்கம் மூடிய தொட்டி. கசிந்த ஆவி பலகைக்குக் கீழே தேங்கி, கிண்ணத்தில் தண்ணீர் நிற்பதுபோல் நிற்கும். காற்றில் ஒன்றரை விழுக்காடு அளவுக்கு ஆவி கலந்தாலே தீப்பிடிக்கப் போதும். டீசல் நம் ஊர் வெயிலிலும் அப்படி ஆவி விடாது. அது பற்றக்கூடிய ஆவியை வெளியிட 52 டிகிரிக்கு மேல் சூடாக வேண்டும். பெட்ரோலுக்குப் பனிக்கட்டியின் குளிரே போதும்.

நான் இருபது வயதில் ரங்கூனுக்கு எதிர்க்கரையில், டலாவில், ஒரு பட்டறையில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். பக்கத்துத் துறையில் ஒருவர் பழைய ஜீப்பின் பெட்ரோல் எஞ்சினைத் தன் லாஞ்சில் பூட்டி, அழகாகப் பலகை அடித்து மூடி வைத்திருந்தார். ஒரு நாள் இரவு கார்புரேட்டரின் மிதவை சிக்கிக்கொண்டது. காலையில் அவர் வந்து செல்ஃப் பொத்தானை அழுத்தினார். பலகைகள் முற்றத்து மாவிலைபோல் ஆற்றில் சிதறி மிதந்ததை நான் கரையிலிருந்து பார்த்தேன். அவர் உயிர் தப்பினார். இரண்டு கால்களும் முழங்கால் வரை வெந்துபோயின. அன்று படகில் ஆள் ஏறவில்லை. பங்குனி உத்திரத்துக்குக் குடும்பம் குடும்பமாக ஏற்றிச் செல்வதாக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

படகுக்கென்றே செய்த பெட்ரோல் எஞ்சினில் செல்ஃப் மோட்டார், டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர் ஆகியவை உள்ளே பறக்கும் தீப்பொறி வெளியே வராதபடி மூடப்பட்டிருக்கும். கார்புரேட்டர் பொங்கினால் பெட்ரோல் வெளியே வழியாமல் எஞ்சினுக்குள்ளேயே இறங்கும்படி செய்திருப்பார்கள். காற்று இழுக்கும் வாயில் தீத்தடுப்பு வலை இருக்கும். அமெரிக்காவில் 1940 ஏப்ரல் 25-க்குப் பிறகு படகின் உள்ளே பூட்டிய பெட்ரோல் எஞ்சின்களுக்கு அந்த வலை சட்டப்படியே கட்டாயம். எஞ்சினைக் கிளப்புமுன் 4 நிமிடம் விசிறி போட்டு அடிப்பள்ளத்துக் காற்றை வெளியேற்ற வேண்டும் என்பதும் அங்குள்ள வழக்கம். காரின் செல்ஃப் மோட்டாரும் டைனமோவும் பார்வைக்கு ஒன்றேபோல் இருக்கும். ஆனால் அவற்றின் காற்றுத் துளைகள் திறந்தவை, உள்ளே பிரஷ் விடும் பொறி வெளிக்காற்றைத் தொடும். தாய்லாந்துப் பக்கம் நீள்வால் படகுகளில் கார் எஞ்சின் ஓடுகிறதே என்று கேட்பீர்கள். அங்கே எஞ்சின் படகின் பின்விளிம்பில், முழுவதும் காற்றில் நிற்கிறது. ஆவி தேங்க இடமில்லை. உங்கள் படகில் எஞ்சின் நடுவே, பலகைக்குக் கீழே.

இந்தக் குறிப்பிட்ட எஞ்சினுக்கு மேலும் இரண்டு குறைகள் உண்டு. அதன் பிளாக்கும் ஹெட்டும் அலுமினியம். ஆற்று நீரை நேரே உள்ளே விட்டுக் குளிரவைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கோடையில் முகத்துவாரத்து உப்புநீர் அலுமினியத்தைத் தின்றுவிடும். அடுத்தது கியர்பெட்டி. புரோபாக்ஸின் எஞ்சின் குறுக்காகப் படுத்திருப்பது. கியர்பெட்டியும் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டுக்குள் இருந்து, இரண்டு பக்கமும் சக்கர அச்சுகளை விடும். பின்னோக்கி நேராக ஒரு ஷாஃப்ட் எடுக்க அதில் இடமே இல்லை. டிஃபரன்ஷியலை வெல்டிங் வைத்து அடைத்து, ஒரு பக்க அச்சில் ஷாஃப்ட்டைக் கோத்த ஒரு படகைப் பார்த்திருக்கிறேன்; எஞ்சின் படகுக்குக் குறுக்கே கிடந்து, படகு ஒரு பக்கம் சாய்ந்தே ஓடியது. கம்ப்யூட்டர் பெட்டி, அதன் உணரிகள், ஒயர்க்கட்டு, சாவிக்குள் இருக்கும் பூட்டு ஆகியவற்றைப் பற்றி விரிக்கத் தேவையில்லை. வருடத்துக்கு நாலாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் ஊரில், நடு ஆற்றில் ஒரு கனெக்டர் பச்சை பிடித்து எஞ்சின் நின்றால் கையால் செய்யக்கூடியது ஒன்றும் இருக்காது.

அப்படியானால் என்ன செய்யலாம்? காசு இறுக்கமாக இருந்தால், இருந்த அதே சீன எஞ்சினையே மறுபடியும் வாங்குங்கள். வயல் பக்கம் தோலாஜி வண்டியை இழுக்கும் அதே ஒற்றைச் சிலிண்டர் டீசல்தான். உதிரி எந்தச் சந்தையிலும் கிடைக்கும், எஞ்சின் உட்காரும் பெட், ஷாஃப்ட், புரொப்பெல்லர் எதையும் தொட வேண்டியதில்லை. இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை. அதிர்வு குறைய வேண்டும், மேலும் கொஞ்சம் இழுவை வேண்டும் என்றால், சின்ன லாரியின் பழைய டீசலைத் தேடுங்கள். என் விருப்பம் இசூசு 4ஜேஏ1 அல்லது 4ஜேபி1: முன்னது 2.5 லிட்டர், பின்னது 2.8. இரும்புப் பிளாக், எரிபொருளைத் தெளிக்கும் பம்ப் கம்ப்யூட்டர் இல்லாத பழைய இயந்திர வகை. அந்தப் பம்ப்பிலேயே கவர்னர் இருப்பதால், அலையில் புரொப்பெல்லர் தண்ணீரைவிட்டு மேலே வந்தாலும் எஞ்சின் தறிகெட்டுச் சுற்றாது. டர்போ இல்லாததாகப் பாருங்கள். வாங்குமுன் குளிர்ந்த நிலையில் கிளப்பச் சொல்லுங்கள். சூடாக்கி வைத்துக் காட்டும் எஞ்சினில் அமுக்கம் குறைந்திருப்பது தெரியாது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்துக் குமிழி வருகிறதா என்றும், எண்ணெய் ஊற்றும் வாயில் புகை தள்ளுகிறதா என்றும் பாருங்கள்.

பூட்டும் வேலையில் அதிகக் கவனம் கேட்பது குளிரூட்டல். எரியும் டீசலின் சூட்டில், ஷாஃப்ட்டுக்குத் திறனாகப் போகும் அளவுக்கு ஏறத்தாழச் சமமான ஒரு பங்கு குளிர்நீருக்குள் போகிறது. காரின் ரேடியேட்டரை எஞ்சின் அறைக்குள் வைத்தால் அது தன் சூட்டையே திரும்ப இழுத்துக்கொள்ளும். ஆற்று நீரை நேரே பிளாக்குக்குள் செலுத்தினால் எஞ்சினை 60 டிகிரிக்கு மேல் விடமுடியாது, விட்டால் உப்பு உள்ளே படியும். அவ்வளவு குளிர்ந்து ஓடும் டீசல் எண்ணெயைக் கறுப்பாக்கி சிலிண்டரைத் தேய்க்கும். வெப்பமாற்றியும் அதற்கு ஆற்றுநீர் தள்ளும் ரப்பர் இம்பெல்லர் பம்ப்பும் கடலில் நல்லவை. மார்த்தபான் வளைகுடாவின் ஏற்றம் கலக்கிக் கொண்டுவரும் நம் சேற்றுநீர் அந்த ரப்பரை அரத்தால் ராவுவதுபோல் ராவிவிடும்.

ஆகவே உங்களுக்கு ஏற்றது, படகுக்கு வெளியே ஏராவை (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் மரத்தை) ஒட்டி ஓடும் குழாய். எஞ்சினின் சொந்தத் தண்ணீர் பம்ப்பே நல்ல நீரை அந்தக் குழாய் வழியாகச் சுற்றவிடும். சேறு எஞ்சினுக்குள் வரவே வராது, தெர்மோஸ்டாட்டும் அப்படியே இருக்கும். 40 குதிரைத்திறனுக்குக் கணக்கிட்டால், ஒன்றரை அங்குலச் செப்புக் குழாய் 10 மீட்டர், ஏராவின் ஒவ்வொரு பக்கத்திலும் 5 மீட்டர் வீதம், போதுமானது. பாசியும் சேறும் படியும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். வளைவுகளை நெருக்கமாக வைக்காதீர்கள், பம்ப்புக்குத் தள்ளுவது கடினமாகும். வற்றத்தில் உங்கள் படகு சேற்றில் உட்காரும் என்பதை மறக்க வேண்டாம்: குழாய் ஏராவின் அடிவிளிம்பைவிட மேலே இருக்க வேண்டும், அதற்கு வெளியே தேக்குச் சட்டம் ஒன்று காவலாக ஓட வேண்டும். குழாய் படகுக்குள் நுழையும் இரண்டு இடங்களிலும் வெண்கல வால்வு வையுங்கள். வெளியே குழாய் பிய்ந்தால் மூடிவிடலாம். எஞ்சினைவிட உயரத்தில் ஒரு நீர்த்தொட்டி வேண்டும், இல்லையென்றால் மேலே காற்று அடைத்து ஹெட் வெந்துபோகும். தண்ணீரின் சூட்டைக் காட்டும் மீட்டர் ஓட்டுபவர் கண்ணெதிரே இருக்கட்டும்.

புகைபோக்கியைச் சரக்குப் படகுகளைப்போல் நேராக மேலே எடுத்துவிடுங்கள். அந்தக் குழாய் சிவக்கும் அளவுக்குச் சூடாகும். மரத்தில் எங்கும் படாமல், கூரையைத் தாண்டும் இடத்தில் இரும்பு வளையம் வைத்து இடைவெளி விட்டு, கண்ணாடி இழைத் துணியால் சுற்றுங்கள். பழைய கல்நார்க் கயிறு கிடைத்தாலும் தொடாதீர்கள், அதன் தூசு நுரையீரலுக்குக் கெடுதல். உச்சியில் தானே திறந்து மூடும் மூடி அவசியம், இல்லையென்றால் ஆனி மழை இரவில் சிலிண்டர் வரை இறங்கிவிடும்.

அடுத்து கியர்பெட்டி. 40 குதிரைத்திறன் தண்ணீரைத் தள்ளும்போது, தண்ணீர் திரும்ப ஷாஃப்ட்டை 300, 400 கிலோ விசையோடு முன்னோக்கித் தள்ளும். படகை நகர்த்துவதே அந்த விசைதான். லாரியின் கியர்பெட்டி சுழற்சியைத் தாங்கச் செய்தது. பின்னாலிருந்து வரும் குத்தை அதன் பேரிங் ஏற்காது, கிளட்ச்சும் கிராங்க்கும் வரை அது போய் அழுத்தும். லாரி கியர்பெட்டியை வைத்தே ஓட்டுபவர்கள் ஷாஃப்ட்டில் தனியாக ஒரு தள்ளுவிசை பேரிங் வைத்து, அதைப் படகின் சட்டத்தோடு இறுக்கி, அதற்கும் எஞ்சினுக்கும் நடுவே மூட்டு வைத்த கார்டன் ஷாஃப்ட் போடுகிறார்கள். ஓடும்தான், ஆனால் துறையில் சேரும்போது கிளட்ச் மிதித்து ரிவர்ஸ் தேடவேண்டியிருக்கும், எதிரே சம்பான் வந்தால் அதற்கு நேரமிராது. சீனாவில் செய்த சிறிய படகு கியர்பெட்டிகள் கிடைக்கின்றன. அவற்றில் தள்ளுவிசை பேரிங்கும், வேகத்தைக் குறைக்கும் விகிதமும், ஒரு நெம்புகோலில் முன்னும் பின்னும் மாறும் வசதியும் உள்ளேயே இருக்கின்றன. புரோபாக்ஸில் மிச்சம் பிடிக்க நினைத்த காசை இதில் போடுங்கள்.

ஃப்ளைவீலுக்கும் இந்தக் கியர்பெட்டிக்கும் நடுவே ஸ்பிரிங் வைத்த டேம்பர் தட்டு வர வேண்டும். அதை விட்டுவிட்டு நேரே போல்ட் அடித்தால் மெதுவாக ஓடும்போது பற்கள் கடகடக்கும், பிறகு உடையும். இரண்டையும் இணைக்கும் தட்டை லேத்தில் கடையச் சொல்லும்போது டயல் கேஜ் வைத்து மையம் பார்க்கும் பட்டறையாகத் தேடுங்கள். கியர்பெட்டியையும் ஷாஃப்ட்டையும் சேர்க்கும் கப்ளிங்கின் இரண்டு முகங்களும் ஒன்றோடொன்று 0.1 மில்லிமீட்டருக்குள் சேர வேண்டும், அதையும் படகு தண்ணீரில் மிதக்கும்போதே பார்க்க வேண்டும். கரையில் தூக்கி வைத்த மரப்படகு வேறு வடிவம், மிதக்கும் படகு வேறு வடிவம். எஞ்சின் பின்னோக்கிச் சாய்ந்து உட்காருவதால் எண்ணெய்க் கம்பியின் கோடு பொய் சொல்லும். சமதளத்தில் சரியான அளவு ஊற்றி, பூட்டிய பிறகு அந்த மட்டத்தில் புதுக் கோடு ராவிக்கொள்ளுங்கள். சாய்வு 10 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

புரொப்பெல்லரை மட்டும் பழையதையே வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்துவிடாதீர்கள். லாரி டீசலை 2400 சுற்றில் ஓட்டி, கியர்பெட்டியில் 3-க்கு 1 குறைத்தால் ஷாஃப்ட் 800 சுற்று சுற்றும். பிட்ச், அதாவது புரொப்பெல்லர் ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய தூரம், 16 அங்குலம் என்றால், வழுக்கலே இல்லாமல் பத்தரை நாட். கனமான படகில் 35, 40 விழுக்காடு வழுக்கும், ஆக கையில் நிற்பது ஆறரை நாட் அளவு. உங்கள் படகுக்கு அது நல்ல நடைவேகம். விட்டம் 22 முதல் 24 அங்குலம் வரும், அடிப்பலகைக்கும் இலை நுனிக்கும் நடுவே 3 அங்குலமாவது இடம் வேண்டும். பின்புறத்தில் அவ்வளவு இடமில்லையென்றால் விகிதத்தை 2-க்கு 1 ஆக்கி, 18, 19 அங்குல விட்டத்துக்கு இறங்கலாம். இழுவை கொஞ்சம் குறையும்.

முதல் ஓட்டம் ஆளில்லாமல், மணல் மூட்டைகளோடு நடக்கட்டும். முழுத் திராட்டிலில் எஞ்சின் 2800 சுற்றைத் தொட வேண்டும். அதற்குக் கீழே திணறிக் கறுப்புப் புகை விட்டால் பிட்ச் அதிகம், இலையைத் திருத்த வேண்டும். அந்த நிலையிலேயே ஓட்டினால் பிஸ்டன் வெந்துவிடும். மிக எளிதாகத் தாண்டிப் போனால் பிட்ச் போதவில்லை. பிறகு 2300, 2400-இல் வைத்து, வற்றத்துக்கு எதிரே இரண்டு மணி நேரம் ஓட்டி, தண்ணீரின் சூடு 85 டிகிரியைத் தாண்டாமல் நிற்கிறதா என்று பாருங்கள்.

எஞ்சின் வாங்கப் புறப்படுமுன் நான்கு அளவுகளை எடுத்து எனக்கு எழுதுங்கள்: ஷாஃப்ட்டின் விட்டம், ஷாஃப்ட் மையத்திலிருந்து அடிப்பலகை வரையுள்ள உயரம், எஞ்சின் பெட்டின் இரண்டு சட்டங்களுக்கும் நடுவே உள்ள அகலம், முழுச் சுமையில் பின்புறம் தண்ணீரில் இறங்கும் ஆழம். அவை கிடைத்ததும் கியர் விகிதத்தையும் புரொப்பெல்லரையும் முடிவாகக் கணக்கிட்டு அனுப்புகிறேன்.